டெலிபோன் அடித்தால் எடுக்க ஆள்

செபமாலைமுத்துவின் அமெரிக்கப் பயணம் பதினாறு தாள்களில் அடங்கியிருந்தது. நாளுக்கு ஒரு தாள். இடம், சேரும் நேரம், புறப்படும் நேரம், மைல், சூரிய உதயம், எதிர்பார்க்கும் விலங்கு என்று அடிமட்டம் வைத்துக் கோடிழுத்த ஆறு கட்டங்கள். இலங்கையில் மன்னார் ரயில் பாதையில் முப்பத்தொரு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஒரு பயணத்தை வேறு எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாது.

டென்வரில் தொடக்கம். ரொக்கி மலைப் பூங்காவில் எல்க் மான்கள். கிராண்ட் டீட்டனில் மூஸ் என்ற பெரிய மான். பிறகு யெலோஸ்டோனில் ஏழு நாள்: பைசன் என்ற காட்டெருமைக் கூட்டங்கள், கரடி, அந்த 1995ஆம் வருடம்தான் கொண்டுவந்து விட்டிருந்த ஓநாய்கள். லண்டன் எட்மண்டனில் ஒரு கவுன்சில் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், சமையலறை மேசையில் பூதக்கண்ணாடியும் வரைபடமுமாக இருந்து இரண்டு வருடம் அதை எழுதினார். பூங்கா அலுவலகங்களுக்கு, ஓர் உத்தியோகத்தர் இன்னோர் உத்தியோகத்தருக்கு எழுதும் முறையில் கடிதம் போட்டார். தங்கள் விலங்குகள் வீதியைக் கடக்கும் நேரங்களைத் தயவுடன் அறியத் தரவும். ஒரு காவலர் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்: எங்கள் விலங்குகளிடம் நேரசூசி இல்லை ஐயா, விடியமுன் வந்துவிடுங்கள்.

"மன்னார் ரெயினே நேரத்துக்கு வரேல்லை. இவருக்குக் கரடி வரப்போகுது" என்றார் மனைவி லூர்தம்மா, மீன் கழுவிக்கொண்டே.

"என்ர ஸ்டேஷனில பிந்தினது இல்லையப்பா. பிந்தி வந்து சேர்ந்தது. அது வேற."

ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஒரு வரி இருந்தது. பயணிகள்: நால்வர். அவர், மனைவி, மகள் எமில்டா, மகன் எட்வேட். காரில் யார் எங்கே இருப்பது என்பதும் எழுதியிருந்தது. பின்னால் வலது ஜன்னல் எட்வேட்டுக்கு. படம் எடுப்பவன் அவன்.

எட்வேட் காணாமல் போய் ஐந்து வருடம்.

பயணமே அவனுடைய யோசனைதான். காட்டுக்குள் இருந்த சின்ன ஸ்டேஷனில் வளர்ந்தவன். தண்டவாளத்தில் யானை நின்றால் அப்பா சிவப்புக் கொடி காட்டி ரயிலை மறிப்பார். அவன் கொப்பியில் யானையின் அடையாளம் குறிப்பான். பிறகு மன்னாரில் ஆசிரியரானான். 1989இல் லண்டனிலிருந்த அக்காவுக்கு எழுதினான்: நீ கார் ஓடப் பழகு, நாலு பேரும் போவம். அடுத்த வருடம் ஆடி மாதம் சைக்கிளில் மடுக் கோயில் பக்கம் போனான். சைக்கிளும் வரவில்லை. ஆயர் இல்லத்தில் கேட்டார்கள். முகாம்களில் கேட்டார்கள். செஞ்சிலுவைக்கு எழுதினார்கள். இல்லை என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. 1991இல் எமில்டா தாய் தகப்பனைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டாள்.

எமில்டா டெலிபோன் இணைப்பகங்களில் பொறியியலாளர். பிழை எங்கே என்று தேடுவது அவளுடைய தொழில். அந்த வருடம் தையில் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை கரைந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் இந்நேரம் முகங்களை அடையாளம் காணமாட்டார் என்றார் டொக்டர். அவள் மொழிபெயர்த்தாள்.

"முகம் கிடக்கட்டும். கரடி தெரியுமோ எண்டு கேள்."

அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, "இந்த செப்டெம்பர் போறம் அப்பா" என்றாள்.

"ஓம் பிள்ளை."

குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து பயணப் பத்திரங்கள் வந்தன. அமெரிக்க விசாவும் கிடைத்தது. அவள் மூன்று கிழமை லீவு எழுதிக் கொடுத்தாள். டிக்கெட்டுக்குத் திகதி கேட்டபோது மட்டும் அப்பா, "பார்ப்பம்" என்றார். பங்குனியிலும் பார்ப்பம். சித்திரையிலும் பார்ப்பம்.

திட்டத்தில் எங்கோ பிழை இருக்கிறது என்று பட்டது அவளுக்கு. பதினாறு தாளையும் எடுத்துச் சரிபார்த்தாள். மைல் சரி. உதயம் சரி. பெற்றோலுக்கு நிற்கும் இடம்கூடச் சரி.

ஒரு ஞாயிறு பிடிபட்டது. அம்மா ஒன்பது மணிப் பூசை முடிந்து வந்து கதவைத் திறந்தார். அப்பா கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றார். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. அம்மா உள்ளே வந்தார். அப்பா பதினொரு மணிப் பூசைக்கு இறங்கினார். நாலு வருடமாக ஞாயிறு தோறும் நடப்பது. அப்பாவுக்கு ஆங்கிலப் பூசை விருப்பம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

நின்ற இடத்திலேயே பின்னோக்கி எண்ணினாள். மூவரும் ஒன்றாக வெளியே போன நாள் ஒன்றும் இல்லை. கீழ்வீட்டு றோஸ்மலரின் மகள் கலியாணத்துக்கு அம்மா போகவில்லை, முழங்கால் நோ. நத்தார்ப் பூசைக்கு அப்பா வரவில்லை, தடிமன். இந்த வீடு ஒரு மணித்தியாலம்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. கூடத்தில் டெலிபோன் இருந்தது. எட்வேட்டுக்குத் தெரிந்த ஒரே இலக்கம் அதுதான்.

ஹரோவில் புது வீடு பார்த்தபோது அப்பா ஏன் வேண்டாம் என்றார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. வீடு மாறினால் இலக்கமும் மாறும்.

அன்று பின்னேரம் கேட்டாள். அப்பா மறைக்கவில்லை.

"ஸ்டேஷனை விட்டிட்டுப் போறதெண்டால் ரிலீவ் பண்ண ஆள் வரவேணும். வந்து கையெழுத்து வைக்கவேணும். ஆள் வராட்டி, செத்த வீடெண்டாலும் போகேலாது. எனக்கு ஆர் இருக்கினம் ரிலீவுக்கு?"

"மெசின் பூட்டிறன் அப்பா. ஆள் இல்லாட்டி அது குரலைப் பிடிச்சு வைக்கும்."

"அஞ்சு வருசத்துக்குப் பிறகு அடிக்கிறவன் மெசினோட கதைப்பானோ?"

"றோஸ்மலர் அக்கா வீட்டுக்குத் திருப்பி விடலாம். இஞ்ச அடிச்சா அங்க கேக்கும்."

"அவன்ர காதில விழுகிற முதல் குரல் தெரியாத குரலோ? பிழையான நம்பரெண்டு வைச்சிடுவான்."

அதைவிடப் பெரிய பிழை ஒன்று அவளுக்குத் தெரியும்.

1990 மே மாதம் லண்டன் இலக்கங்கள் மாறின. முன்னால் இருந்த 01 போய், இந்தப் பக்கத்துக்கு 081 வந்தது. அதற்கான வேலையில் அவளும் இரண்டு மாதம் இரவு ஷிப்ட் செய்தாள். புது இலக்கத்தை எழுதி மன்னாருக்கு ஒரு கடிதம் போட்டாள். ஆனியில் அங்கே சண்டை மூண்டது. அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. எட்வேட் மனப்பாடமாக வைத்திருந்தது பழைய இலக்கம். அதைச் சுழற்றியவனுக்கு ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இலக்கம் மாறிவிட்டது என்று சொல்லும். பிறகு அதுவும் சொல்லாமல் விட்டது. இந்தச் சித்திரையில் மறுபடியும் மாறி 0181 ஆனது.

அந்த அறிவித்தல் தாள் வந்த அன்று அப்பா அதைப் பூதக்கண்ணாடியால் வாசித்துவிட்டு அவளிடம் நீட்டியிருந்தார்.

"நம்பர் மாறுதாம். பழசுக்கு அடிச்சாலும் இஞ்ச வருமோ?"

"வரும் அப்பா. இணைப்பகம் பார்த்துக்கொள்ளும்."

இன்ஜினியர் மகள் சொன்னது. அவர் தாளை மடித்து வைத்துவிட்டார்.

இப்போது அந்தப் பொய்யைத் திருப்பி எடுத்தால் போதும். நீங்கள் காவல் இருக்கிற கம்பியில் அவன் வர வழியில்லை அப்பா. ஒரு வசனம். அப்பா விடுதலை. பைசனைக் கண்ணால் கண்டுவிடுவார். அதன்பிறகு அவர் எந்த நம்பிக்கையில் காலையில் எழும்புவார் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கிழமை அந்த வசனத்தை வாயில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள்.

கடைசியில் அம்மாவிடம் சொன்னாள். அப்பா பதினொரு மணிப் பூசைக்குப் போயிருந்தார். அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். 01, 081, போய்ச் சேராத கடிதம், இணைப்பகம் பார்த்துக்கொள்ளும் என்றது, எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மாவின் கை நிற்கவில்லை.

"கொப்பருக்குச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை."

"சொல்லாத." கொஞ்ச நேரம் மா உதிர்ந்தது. "நானும் ஒண்டு செய்தனான். போன கார்த்திகை, கோயில்ல மரித்த ஆத்துமாக்கள்ர பேர் எழுதிக் குடுக்கச் சொன்னவை. அவன்ர பேரையும் எழுதிப்போட்டன். ஒன்பது மணிப் பூசையில சாமியார் வாசிச்சவர். எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இல்லை. நல்லதாப் போச்சு."

எமில்டா கதிரையில் இருந்தாள். தாளில் பின்னால் வலது ஜன்னலில் இருந்தவனை அம்மா ஏழு மாதத்துக்கு முன்பே இறக்கிவிட்டிருந்தார்.

"அப்ப ஏனம்மா நீங்களும் காவலிருக்கிறியள்?"

"அவர் இருக்கிறார். தனிய விடேலுமே?" அம்மா கையைக் கழுவினார். "நீ டிக்கெட் ரெண்டு எடு. நான் வரேல்லை. எனக்கென்ன, கரடியைப் பாக்கோணுமெண்டு நேர்த்தியோ? நான் ரிலீவுக்கு நிக்கிறனெண்டு சொல்லு. இல்லை, நானே சொல்லுறன். நீ சொன்னா இழுபடுவார்."

அன்றே சாப்பாட்டு மேசையில் சொன்னார். அப்பா புட்டைப் பிசைந்தபடி கணக்குப் போட்டார்.

"பதினாறு நாள். பிரயாணத்தோட பதினெட்டு. பூசைக்கும் போகேலாது."

"ஆண்டவர் என்னை அறிவார். உங்கட கண்ணைப் பாருங்கோ."

"குளிக்கேக்க?"

"கதவைத் திறந்து வைச்சிட்டுக் குளிக்கிறன். மூண்டாம் மாடியில ஆர் பாக்கப்போகினம், புறாவோ?"

அப்பா சிரித்தார். பிறகு பதினாறு தாளையும் எடுத்துவந்து, தலைப்பில் நால்வர் என்பதைத் தொடாமல், ஒவ்வொன்றின் அடியிலும் அந்தந்த நாள் தங்கும் விடுதியின் டெலிபோன் இலக்கத்தை எமில்டாவைக் கொண்டு பெரிய எழுத்தில் எழுதுவித்தார். எட்வேட் டெலிபோன் அடித்தால் அம்மா அன்றைய தாளைப் பார்த்துச் சொல்லவேண்டும். எங்கே நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியவேண்டும். ஒரு பிரதி டெலிபோனுக்கு மேலே சுவரில் ஏறியது.

செப்டெம்பர் எட்டாம் திகதி காலை டாக்ஸி கீழே நின்றது. அப்பா கோட்டும் தொப்பியுமாகக் கூடத்தில் நின்று ஒரு பயிற்சிக் கொப்பியை விரித்தார். திகதி, நேரம். பொறுப்பு ஒப்படைத்தேன். பாதி எழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போயிருந்தது. கையெழுத்திட்டு, பேனையை அம்மாவிடம் நீட்டினார். லூர்தம்மா குனிந்து, பொறுப்பேற்றேன் என்று எழுதித் தன் பெயரை வைத்தார். விளையாட்டுக்குக்கூட ஒரு பகிடி விடவில்லை.

ஹீத்ரோவில் பெட்டிகள் போன பிறகு அப்பா ஒரு தூணோடு சாய்ந்து நின்றார்.

"பிள்ளை, ஒருக்கா அடிச்சுப் பார். எத்தனையாவது மணியில எடுக்கிறா எண்டு பாப்பம்."

"இப்பதானே வந்தனாங்கள் அப்பா."

"புது ஆள். செக் பண்ணவேணும்."

காசு போட்டு இலக்கத்தை அழுத்தினாள். ரிசீவரைக் காதில் வைத்தாள். முதல் மணி முழுதாக அடித்து முடியவில்லை.

"எட்வேட்டே?"

அம்மாவின் குரல்தான். ஆனால் அந்தக் குரலை எமில்டா இந்த நாட்டில் கேட்டதில்லை. மூச்சு வாங்கியது. பிறகு இன்னும் மெதுவாக, பயந்தாற்போல்: "தம்பி, அம்மாதான். கதை ராசா."

கம்பியில் இருவருடைய மூச்சும் கேட்டது.

"அம்மா, நான்" என்றாள்.

"ஓம். தெரியும்" என்றார் லூர்தம்மா. "வையன். லைனைப் பிடிச்சுக்கொண்டு நிக்காத."

அவள் வைத்தாள். அப்பா தூணோடு நின்றபடி, தலையைக் கொஞ்சம் திருப்பி, ஓரக்கண்ணால் அவளுடைய முகத்தைத் தேடினார்.

"எத்தனையாவது மணி?"

"முதலாவது."

"நல்லது" என்றார் செபமாலைமுத்து. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவளுடைய முழங்கையைப் பிடித்தார். விமானத்துக்கு நடந்தார்கள்.