மேவிஸ் பார்க்காத தீ

எங்கள் ஊர்வலத்தில் எல்லோருக்கும் பின்னால் வருபவர் மேவிஸ் பெல்லிங். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர். இங்கிலாந்தில் ஊர் ஊராகப் பெருந்தீ மூட்டிக் கொண்டாடும் நவம்பர் ஐந்தாம் தேதி மட்டும் தடித்த தோல் கையுறை மாட்டிக்கொண்டு, ஓர் இரும்புத் தள்ளுவண்டியோடு வருவார். நாங்கள் கோடு போட்ட ஸ்வெட்டரில், தீப்பந்தம் பிடித்து, மேளத்தோடு ஆடிக்கொண்டு முன்னால் போவோம். பந்தம் கைப்பிடிவரை எரிந்ததும் சாலையிலேயே போட்டுவிடுவோம். அதைக் குனிந்து எடுத்து வண்டியில் போடுவது மேவிஸ். இருபத்திரண்டு வருஷமாக அவர்தான்.

வண்டி மைதானத்துக்கு வந்து சேரும்போது, ஊர்வலத்தின் முடிவில் நாங்கள் கொளுத்தும் பெரிய விறகுக் குவியல் பாதி எரிந்திருக்கும், வாணவேடிக்கையும் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் குவியலை அவரைப்போல் அறிந்தவர் யாரும் இல்லை. உள்ளே முள்ளெலி ஏதாவது தூங்கப் போயிருக்கிறதா என்று மதியமே ஒவ்வொரு பலகையாகத் தூக்கிப் பார்த்து, திரும்ப அடுக்கிவைப்பவர் அவர்தான். அந்தக் குவியல் தீப்பற்றுவதை மட்டும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் மேவிஸ்தான் தீ வைக்க வேண்டும் என்று ஊர்வலத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர் டெரிக் கேசன் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் மேசையைத் தட்டினோம்.

"அப்போ வண்டிய யாரு தள்றது?" என்றார் மேவிஸ்.

நான் கையைத் தூக்கினேன். பள்ளி முடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வேலையும் இல்லை, மேற்படிப்பிலும் சேரவில்லை. யாராவது என்னை நம்பி ஒரு காரியத்தைக் கொடுத்தால் போதும் என்றிருந்தது.

"நான் தள்றேன் ஆன்ட்டி."

அவர் கையுறையை என்னிடம் கொடுத்தார். "சக்கரம் எடது பக்கம் இழுக்கும் கண்ணு. ஒரு பந்தத்தக்கூட விட்றாத. சர்ச் தெருவுல புல்லுக்கூரை வீடு ரெண்டு இருக்கு."

ஊர்வலம் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. என்னோடு படித்த ரோவன் முன்வரிசையிலிருந்து என்னிடம் வந்தான்.

"ஹெட்டி! ஒருவழியா வேலை கெடச்சிருச்சா? குப்பை வண்டில சம்பளம் எவ்ளோடீ?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"போடா" என்று நானும் சிரித்தேன். முகம் எரிந்தது.

மதுக்கடை முனையில் அவன் புதுப் பந்தம் ஒன்றை நீட்டினான். "பத்து நிமிஷம். மேளத்துகிட்ட போயிட்டு வந்துரு."

வண்டியைச் சுவரோரம் நிறுத்தினேன். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். பத்து நிமிஷம்தான் என்று உண்மையிலேயே நினைத்தேன்.

மைதான வாசலில் மேவிஸ் டெரிக்கின் பக்கத்தில் நின்றிருந்தார். தலைமுடியைச் சுருட்டி அலங்கரித்திருந்தார். பந்தத்தை மெழுகுவத்தி பிடிப்பதுபோல் நேராகப் பிடித்திருந்தார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பார்வை என்மேல் விழுந்தது. பிறகு என் கையிலிருந்த பந்தத்தின்மேல். பிறகு எனக்குப் பின்னால், சர்ச் தெருவில் வரிசையாக எரிந்துகொண்டு கிடந்த பந்தங்களின்மேல்.

தன் பந்தத்தை டெரிக்கிடம் கொடுத்துவிட்டுச் சர்ச் தெருப் பக்கம் நடந்தார்.

"மேவிஸ், எங்க போற? ஏழே முக்காலுக்கு வாணம் விட்டாகணும்!"

"நீயே வெச்சுரு டெரிக்."

நான் அப்போதே பின்னால் ஓடியிருக்கலாம். ரோவன் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் அந்த வண்டியைத் தொடுவது எனக்கு அவமானமாக இருந்தது. அப்படி நினைத்ததைத்தான் இப்போது யாரிடமும் சொல்ல முடியவில்லை. டெரிக் தீ வைக்கும்வரை அங்கேயே நின்றேன்.

முதல் வாணம் வெடித்தபோதுதான் இடுப்பில் கையுறை உறுத்தியது. ஓடினேன்.

மேவிஸ் ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு பந்தங்களைப் பொறுக்கி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரின் இரண்டு கை ஓரமும் கருகியிருந்தது. கையுறையை நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டார். தலைக்குமேல் வானம் பச்சையும் சிவப்புமாக வெடித்தது. அவர் நிமிரவில்லை.

"எந்தப் பக்கம் மொதல்ல புடிச்சுது?" என்று கேட்டார்.

"மேக்குப் பக்கம்."

"நெனச்சேன். காஞ்ச பலகையெல்லாம் அங்கதான் அடுக்குனேன்."

நான் வண்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தேன்.

"வேணாம் கண்ணு. ரெண்டு பேரு புடிச்சா நேரா போகாது."

கையில் எதுவும் இல்லாமல் மைதானம்வரை அவர் பின்னாலேயே நடந்தேன்.