உப்புப் போட்ட தொட்டி

என் மாமனாருக்கு என் செடியைக் கண்டாலே ஆகாது. உடுமலைப்பேட்டைப் பக்கம் இருந்த தென்னந்தோப்பை விற்றுவிட்டுக் கோவையில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே, ஹாலில் ஆளுயரத்துக்கு நின்ற மான்ஸ்டெரா செடியை ஏற இறங்கப் பார்த்தார். "பூக்காது, காய்க்காது. ஓட்டை ஓட்டையா எலை. இதுக்கு ஊட்டுக்குள்ள இத்தாம்பெரிய எடமா அம்மணி?" என்றார்.

எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. இந்த வீட்டில் பீரோ, கட்டில், திரைச்சீலை எல்லாம் கணவர் வீட்டார் பார்த்து வாங்கியது. அந்தச் செடி ஒன்றுதான் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் ஹாஸ்டல் ஜன்னலில், ஒற்றை இலையாகத் தண்ணீர் பாட்டிலில் வைத்து வளர்த்தது.

வேர் தொட்டிக்கு அடியில் பிதுங்க ஆரம்பித்ததும் பெரிய தொட்டி வாங்கினேன். தேங்காய் நார்த்தூளும் மரப்பட்டைத் துண்டும் கலந்து, ஞாயிற்றுக்கிழமை மாற்றலாம் என்று பால்கனியில் வைத்திருந்தேன். சனிக்கிழமை ஆபீஸ் போய்த் திரும்பினால் செடி புதுத் தொட்டியில் நிற்கிறது. நான் கலந்து வைத்தது மூட்டையில் அப்படியே கிடக்கிறது. தொட்டி நிறையச் செம்மண்ணும், தோப்பிலிருந்து அவர் கொண்டுவந்த சாணி எருவும்.

"மாத்திப்போட்டேன் அம்மணி," என்றார், பெருமையாக. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த வாரமே இலைகள் ஓரத்தில் கருகித் தொங்கின. மண்ணைக் கிளறினேன். பாதி கரைந்த கல்லுப்பு கையில் அகப்பட்டது.

"உப்பா மாமா போட்டீங்க?"

"தென்னம்புள்ள வெக்கற குழியில போடறதுதான். அப்பத்தான் வேரு நல்லாப் புடிக்கும்."

"இது தென்னை இல்லீங்க மாமா."

"மண்ணுல நிக்கறது எல்லாம் ஒண்ணுதான் அம்மணி."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இது என்ற ஊடுங்க மாமா. இனி எதைத் தொடறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுத் தொடுங்க."

சோபாவில் இருந்த கணவர் போனை விட்டுத் தலையைத் தூக்காமல், "அப்பா நல்லதுக்குத்தான செஞ்சாரு," என்றார். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"சரிங்க," என்றார்.

எங்கள் பக்கம் கண்டக்டருக்கும் 'ங்க'தான், காய்காரருக்கும் 'ங்க'தான், சண்டைக்கும்கூட 'ங்க' போட்டுத்தான் போவோம். ஆனால் அவர் என்னிடம் அதுவரை, பெற்ற மகளிடம் போல, அம்மணி, வா, போ என்றுதான் பேசி வந்தார். அந்த ஒரு 'ங்க'வில் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

செடியைப் பாத்ரூமுக்கு இழுத்துப் போய் வேரைக் கழுவினேன். அழுகினதை வெட்டி எறிந்துவிட்டு, நார்த்தூள் கலவையில் திரும்ப நட்டேன். கதவோரம் வந்து நின்றவர், "பாத்ரூம் போய்க்கட்டுங்களா?" என்றார்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் கேள்விதான். "ஃபேன் போட்டுக்கட்டுங்களா?" "டிவி பாக்கலாமுங்களா?" அவிநாசியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், மருமகளிடம் எத்தனை மரியாதை என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படிக் கேக்காதீங்க மாமா," என்று சொல்லியும் பார்த்தேன். அதற்கும் "சரிங்க" என்றார். மறுபடி ஃபேனுக்குக் கேட்டார்.

செடியில் இலை ஒவ்வொன்றாகக் கொட்டி மொட்டைத் தண்டுதான் மிஞ்சியது. தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒரு காலையில் அதன் நுனியில் சுருட்டிய புது இலை தெரிந்தது. கத்த வேண்டும் போல இருந்தது, அத்தனை சந்தோஷம். ஹாலில் அவர் மட்டும்தான் இருந்தார். எழுந்து வந்து, தொட்டியிலிருந்து எட்டியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"புது எலை உட்டிருக்குதுங்க. கிட்ட வந்து பாக்கட்டுங்களா?"

அம்மணி என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், தொட்டே பாருங்க மாமா என்றிருப்பேன்.

"பாருங்க," என்றேன்.

கட்டின கையை அவிழ்க்காமல் குனிந்து பார்த்தார்.