நாடாவின் கடைசியில் கிடந்த குரல்

மகள் கைபேசியில் ஏதோ இங்கிலீஷ் ரொக் இசைத்தொகுப்பைப் போட்டு, கடைசி இரண்டு பாட்டுகளையும் கேட்காமலே தள்ளிவிட்டாள். "சப்பைப் பாட்டு வாப்பா. ஏன்தான் இதுகளக் கடைசியில போடுறாங்களோ." எனக்குப் பயமாகிவிட்டது. பாட்டைத் தள்ளியதற்கெல்லாம் பயப்படுகிற மனிதனை நீங்கள் எங்கே கண்டிருக்கப் போகிறீர்கள்.

ஒரு காலம் கல்முனையில், இசைத்தட்டிலிருந்து கசெட்டுக்குப் பாட்டுப் பதிகிற கடையொன்றில் வேலை செய்தேன். சூடேறிய இயந்திரத்தின் மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. இங்கிலீஷ் பாட்டுகளில் எனக்கு ஒரு சொல் விளங்காது. தலையை மட்டும் நன்றாக ஆட்டுவேன். ஒன்று மட்டும் விளங்கியது. நல்ல சரக்கை முன்னால் வைப்பார்கள், கடையில் நின்று கேட்கிறவன் முதல் பாட்டில்தானே விழுவான். பிறகு தட்டு நிறைய வேண்டுமே, கைக்கு வந்ததைப் போட்டு நிரப்பிவிடுவார்கள்.

சாய்ந்தமருதிலிருந்து வரும் என் கூட்டாளி ரபீக்குக்கு இதெல்லாம் அத்துப்படி. புதுக் கசெட் வாங்க மனமில்லாமல் வீட்டில் கிடக்கும் பழையதைக் கொண்டுவருவான். "கடைசி ரெண்டும் வேணாம் மச்சான், அதுக்கு முன்னுக்கே நிப்பாட்டு" என்பான். அன்றும் அப்படித்தான் பதிந்து கொடுத்தேன்.

அந்தக் கிழமையே சவூதியிலிருந்து செய்தி வந்தது. ரபீக்கின் காக்கா, அவனுடைய ஒரே அண்ணன், வாகன விபத்தில் மௌத்து. அங்கேயே அடக்கிவிட்டார்கள். அந்த நாளில் சவூதிக்குப் போன பலர் கடிதம் எழுதுவதில்லை, கசெட்டில் பேசித்தான் அனுப்புவார்கள். காக்கா பேசி அனுப்பியதும் ஒன்று வீட்டில் இருந்தது. ரபீக் என்னிடம் தந்த பழைய கசெட் அதுதான்.

உம்மாவோடு கடைக்கு வந்து நின்றான். "போட்டுப் பாரு மனே. கொஞ்சமாவது இரிக்கும்" என்றார் உம்மா. முதல் பக்கம் முழுக்கக் கிட்டார். திருப்பிப் போட்டேன், அதிலும் கிட்டார். ரபீக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். யா அல்லாஹ், ஒரு சலாமாவது மிஞ்சியிருக்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

கடைசி இரண்டையும் பதியாமல் விட்ட இடத்தில் பாட்டு சட்டென்று அறுந்தது. மின்விசிறிச் சத்தம். இருமல். "சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டன் உம்மா. இன்னும் நாடா மிச்சம் இரிக்கி. என்னத்தக் கதைக்கிற? இஞ்ச சரியான சூடு. இண்டைக்கு நான்தான் சோறாக்கின, அடிப்புடிச்சிட்டு…" அதோடு முடிந்தது. மிச்ச நாடாவை நிரப்பப் பேசிய பேச்சு.

"இன்னொருக்காப் போடு மனே" என்றார் உம்மா. கடை சாத்தும்வரை அதையே போட்டேன்.

சுனாமியில் அந்த வீடு போனது, கசெட் போனது, உம்மாவும் போனார். போன மாதம் ரபீக்கைச் சந்தையில் கண்டேன். "காக்காட குரல் எப்பிடி மச்சான் இருந்திச்சி? எனக்கு வருதில்ல. ஒனக்கு ஞாபகம் இரிக்கா?"

"ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். நாடா மிச்சம் இருப்பது, சூடு, அடிபிடித்த சோறு, சொற்கள் ஒன்றும் பிசகவில்லை. பேசியது என்னுடைய குரல்.