மூடியிருக்கிறது என்ற பதில்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையின் மாடியில்தான் எங்கள் நெட்வொர்க்கிங் வகுப்பு நடந்தது. ஃபயர்வாலுக்கு அப்பால் இருந்த பயிற்சிக் கணினிகளை ஸ்கேன் செய்து, எந்தப் போர்ட் எப்படியிருக்கிறது என்று எழுத வேண்டும். போர்ட் என்பது கணினிக்குள் போகும் வாசல், அவ்வளவுதான். அது திறந்திருக்கலாம், மூடியிருக்கலாம், இல்லாவிட்டால் எதுவும் தெரியாதபடி ஃபயர்வால் மறித்திருக்கலாம்.

முதலாவது கணினி எல்லா வாசலுக்கும் 'மூடியிருக்கிறது' என்று உடனுக்குடன் பதில் அனுப்பியது. இரண்டாவது வாயே திறக்கவில்லை. இரண்டாவதுதான் பாதுகாப்பானது, ஃபயர்வால் பலமாக மறிக்கிறது என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். பார்த்துவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, அந்த மெஷினுக்கு நான் கரண்டே குடுக்கேல்லை. மூடியிருக்கு எண்டு பதில் வந்தா உள்ளுக்கு உயிர் இருக்கு. பதிலே வராட்டி அவசரப்பட்டு ஒண்டும் சொல்லக்கூடாது."

வகுப்பே சிரித்தது. நானும் அசடு வழியச் சிரித்தேன்.

அந்த நாட்களில் அப்பா என்னோடு பேசுவதில்லை. நான் ஒரு கத்தோலிக்கரைக் கட்டியதிலிருந்து கோபம். அம்மாவும் இறந்த பிறகு புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், தனியாக இருந்தார். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, அதில் எனக்கும் பங்கு வந்திருந்தது. தினமும் மத்தியானம் நான் அழைப்பேன், அவர் கட் பண்ணுவார். என்றாவது எடுத்து "என்னம்மா" என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அன்றும் வகுப்பு இடைவேளையில் அழைத்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்து தானாக நின்றது. அவர் கட் பண்ணவில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கணவருக்குக் கோல் எடுத்தேன்.

"அப்பா இன்னைக்கு கட் பண்ணலங்க. மனசு எறங்கிட்டாரு போல."

"அப்ப ஞாயித்துக்கிழம போய்ட்டு வருவோம்" என்றார் அவர்.

காலையில் வகுப்பில் வாங்கிக் கட்டிக்கொண்டது அடியோடு மறந்துபோயிருந்தது. பொழுது சாயும் முன்பே லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா அழைத்து, அப்பா போய்விட்டார் என்றார்.

வாசலருகே சரிந்து கிடந்தாராம். போன் சட்டைப் பையிலேயே இருந்ததாம். நான் அழைத்தபோது உயிர் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைத் தின்கிறது. இப்போது கண்டியில் ஓர் அலுவலகத்தில் ஸ்கேன் முடிவுகளைப் பார்ப்பதுதான் என் வேலை. பதில் வராத வரியை யாராவது 'பிரச்சினை இல்லை' என்று தாண்டிப் போனால் எரிந்து விழுகிறேன்.

அடக்கம் முடிந்த அன்று அந்த அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "கடைசி வரைக்கும் என்கூட பேசவே இல்லையேக்கா."

"ஏன் புள்ள அப்படி சொல்ற? மத்தியானம் ஆனா போன பையில போட்டுக்கிட்டு வாசல்ல வந்து ஒக்காந்துருவாரு. நீ அடிச்சதும் கட் பண்ணிட்டு, 'ம், புள்ள நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லுவாரு. அதுக்கப்பறந்தான் சோறு போட்டு திம்பாரு."