கசங்காத போர்வை

செவ்வாய்க்கிழமை, பாடசாலையில் இடைவேளை மணி அடித்த நேரம் எலிசா அக்காவின் குரல்பதிவு போனுக்கு வந்தது. "டீச்சர், அவரு காலையில போயிட்டாரு. ஹாலிஎல வீட்டுலதான் வச்சிருக்கோம். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க." அவர் என்றால் அவருடைய கணவர் சவரிமுத்து அண்ணன். அதை நான் மூன்று முறை போட்டுக் கேட்டேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இனி அம்மாவுக்கு விமானத்தில் யார் சீட்டுப் பார்த்துக் கொடுப்பார் என்றுதான் மனம் போனது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பதுளைக் கடைவீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அவருடைய டிக்கட் கடையின் செங்குத்தான படிகள் இந்த ஊர்க்காரர்களான உங்களுக்கும் நினைவிருக்கும். உங்களில் அநேகம் பேர் அந்தப் படியேறிச் சவுதிக்கும் குவைத்துக்கும் சாதாரண டிக்கட் எடுத்தவர்கள். பிஸினஸ் கிளாஸ் எடுக்கப் போன சிலரில் நான் ஒருத்தி. தோட்டப் பாடசாலைக் கணக்கு டீச்சருக்கு எதற்கு இந்தப் பவிசு என்று கேட்டவர்களும் உங்களில் இருக்கிறார்கள். கேட்டதில் தப்பில்லை.

விஷயம் இதுதான். மூன்று வருடங்களுக்கு முன் கனடாவில் இருக்கும் என் தங்கச்சி, பதினொரு வருடம் காத்திருந்து பிள்ளை உண்டாகியிருந்தாள். படுக்கையை விட்டு எழும்பக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா போயே ஆகவேண்டும். ஆனால் அம்மாவோ முப்பது வருடத்துக்கு மேல் தெமோதரைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்து, கடைசியில் மலையில் சறுக்கி விழுந்து, முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவே கூடாது. தங்கச்சியும் மாப்பிள்ளையும் சேர்ந்து, படுத்துக்கொண்டு போகிற சீட்டாகவே எடுக்கச் சொன்னார்கள்.

பெயர், பாஸ்போர்ட், தேதி கேட்பார் என்று நினைத்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. பெற்ற தாய் எந்தப் பக்கம் படுப்பார் என்று நாற்பத்தாறு வயதில் எனக்குத் தெரியவில்லை. ராத்திரி எத்தனை தடவை எழும்புவார், எழும்பும்போது எந்தக் கையை ஊன்றுவார், காலை மடக்குவாரா நீட்டுவாரா என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். நான் எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள்; பிள்ளைகள் எனக்கு 'ஏன் டீச்சர்' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். என்னையே ஒருவர் இப்படிக் கேட்டு மடக்கியது அன்றுதான். வீட்டுக்குப் போய் அம்மாவைக் கவனித்து எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இத்தனையும் இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம். இரண்டாவது தடவை போனபோது கேட்டேவிட்டேன். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் ஒன்பது வருடம் அவர் விமானம் துப்புரவு செய்கிற வேலையில் இருந்தாராம். ஆட்கள் இறங்கியதும் ஏறி, அடுத்த ஆட்கள் வருவதற்குள் போர்வைகளை அள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். அந்தச் சீட்டுகளில் ஒரு நிமிடம்கூட உட்காரக்கூடாது, அவரும் உட்கார்ந்ததில்லை. "ஆனா போர்வையப் பாத்தாப் போதும் டீச்சர். நல்லாக் கசங்கியிருந்தா அந்தச் சீட்டுல மனுசன் தூங்கியிருக்கான். பாதி கசங்கியிருந்தா பக்கத்துல சமையல் கட்டு, தட்டுச் சத்தம் கேட்டிருக்கும். ஒன்பது வருசம் பாத்தேன். எந்தச் சீட்டு நல்ல சீட்டுன்னு எனக்கு வேற யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல" என்றார்.

அந்த அறிவை அவர் கையாண்ட விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். கம்பெனியின் பெயர் அவருக்குப் பெரிதில்லை. அன்றைக்கு எந்த விமானம் பறக்கிறது என்பதுதான் பெரிது. ஒரே கம்பெனி, ஒரே நேரம், ஆனால் கட்டுநாயக்காவிலிருந்து செவ்வாயில் போகிற விமானத்தில் சீட்டு பாதிதான் சாயும், வியாழனில் போவதில் தட்டையாகப் படுக்கலாம் என்று கண்டுபிடித்து அம்மாவின் பயணத் தேதியை மாற்றினார். முன்வரிசையில் கால் வைக்கிற பொந்து அகலம், பின்வரிசைகளில் குறுகல், அம்மா காலை மடக்குகிறவர் என்பதால் முன்வரிசை என்றார். நடைபாதையை ஒட்டிய சீட்டாக இருந்தால் யாரையும் தாண்டாமல் எழும்பலாம் என்றார். விமானத்தைக் கடைசி நேரத்தில் மாற்றிவிடுவார்கள் என்று வாரம் ஒருமுறை கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். வழியில் மாறி ஏற வேண்டிய இரண்டு விமானத்துக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கும்படி வைத்து, சக்கர நாற்காலிக்கும் அப்போதே சொல்லிவைத்தார். தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய துரை ஒருமுறை ஜன்னல் சீட்டுத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது இவர் சொன்ன பதில் பதுளை முழுக்கப் பிரசித்தம்: "ஜன்னல் கேக்குறவரு வேடிக்கை பாக்குறவரு. நடைபாதை கேக்குறவரு ஒண்ணுக்குப் போறவரு. நீங்க ரெண்டுந்தான் சேர், அதை நான் பாத்துக்கிறேன்."

இனி நான் அவரோடு சண்டை போட்ட நாளைச் சொல்ல வேண்டும். பயணத்துக்கு மூன்று வாரத்துக்கு முன் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். போனால், கடையின் சிமெந்துத் தரையில் சோக்குக் கட்டியால் அந்தச் சீட்டின் அளவுக்கு ஒரு படுக்கை கீறியிருந்தார். தோள் பக்கம் அகலமாகவும் கால் பக்கம் ஒடுங்கியும் இருந்தது. அதன்மேல் சலவை செய்த விரிப்பு, ஒரு தலையணை. "படுங்கம்மா" என்றார்.

கடையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் வங்கி மனேஜர், கழுத்தில் டையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா கூசிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "வேணாம் தம்பி, இத்தனை பேரு இருக்காக."

"அதுக்குத்தாம்மா இப்ப வரச் சொன்னேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அளவு பார்க்கத்தானே, கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள், வயதான பொம்பிளையை இப்படி நாலு பேர் முன்னால் தரையில் கிடத்துவதா என்று சத்தம் போட்டேன். அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவைத்தார். எழும்பப் போன வங்கி மனேஜரை, "நீங்க இருங்க சேர், டீ வருது" என்று உட்காரவைத்தார். அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "பத்து நிமிசம் படுங்கம்மா. நாங்க பாட்டுக்கு எங்க வேலையப் பாக்குறோம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அம்மா படுத்தார். பலகை போல விறைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்தார். சவரி அண்ணன் டீயைக் குடித்தபடி மனேஜரோடு மழையைப் பற்றிப் பேசினார். அடுத்த கிழமை வரச் சொன்னார், அதற்கடுத்த கிழமையும் வரச் சொன்னார். மூன்றாம் தடவை அம்மா ஒருக்களித்துப் படுத்து, காலை மடக்கி, குறட்டையே விட்டார். இந்த மனிதருக்கு ஏதோ கிறுக்கு என்றுதான் நான் முடிவு கட்டினேன்.

அம்மா கனடாவில் இறங்கிய அன்று அவர் எங்களுக்கு முன் அங்கே போன் எடுத்துவிட்டார். சுகமா, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்கவில்லையாம். "போர்வை கசங்குச்சாம்மா?" என்பதுதான் கேள்வி. "நல்லாக் கசங்கிருச்சு தம்பி. பக்கத்துல கோட்டு போட்ட ஆளு ஒருத்தரு இருந்தாரு. நம்ம கடைக்கு வந்த ஆளுன்னு நெனச்சுக்கிட்டு படுத்துட்டேன்" என்றாராம் அம்மா. ஆறு கிழமை கழித்துப் பிறந்த பேத்தியை முதலில் கையில் வாங்கியது அம்மாதான்.

அம்மா திரும்பி வந்த பிறகும் கடைக்கு நான் அடிக்கடி போவேன். அவருடைய மேசைக்குப் பின்னால், மாதாவின் படத்துக்குக் கீழே, ஒரு விமானப் போர்வை பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே இருந்தது. சாம்பல் நிறம், நான்கு மடிப்பு. கசங்கிய போர்வையைப் பற்றி இவ்வளவு பேசுகிற மனிதர் கசங்காத ஒன்றை ஏன் எடுத்து வைத்திருக்கிறார் என்று எனக்கு மண்டை குடைந்தது. பலமுறை கேட்டேன். ஒருமுறை "குளிருக்கு" என்றார். இன்னொருமுறை, "எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டா பொறவு நீங்க எதுக்கு இங்க வருவீங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பாக இல்லை. அதற்கு மேல் கேட்க எனக்கே வாய் வரவில்லை.

ஹாலிஎல மரண வீட்டில் எலிசா அக்காதான் அதைச் சொன்னார். கடையிலிருந்து கொண்டுவந்த சாமான்களோடு அந்தப் போர்வையும் உள்ளறை அலுமாரியில் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டுவிட்டு, அவராகவே ஆரம்பித்தார்.

கடை தொடங்கிய புதிதில் அவர் போட்ட முதல் பிஸினஸ் கிளாஸ் டிக்கட் ஒரு கொழுந்துக்காரம்மாவுக்கு. காமாட்சி என்று பெயர், கணவர் இல்லை. மகன் கலியாணத்துக்கு லண்டனுக்குப் போனார். சவரி அண்ணன் தேடித் தேடி, விமானத்திலேயே நல்ல சீட்டாக எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா பதினொரு மணி நேரமும் நிமிர்ந்து உட்கார்ந்தே போயிருக்கிறார். கால் வீங்கி, இரத்தம் கட்டி, இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். மகனின் கலியாணத்தைப் பார்க்கவில்லை.

"திரும்பி வந்து கடைக்கு வந்துச்சு அந்தம்மா. ஒரு குறை சொல்லல. 'ரொம்ப நல்ல சீட்டு தம்பி'ன்னு சொல்லி இந்தப் போர்வையக் குடுத்துச்சு. 'உனக்குன்னு ஒரு சுருக்கம் விழாமக் கொண்டாந்திருக்கேன்'னு சொல்லிச்சு. இவரு பதறிப்போய், ஏம்மா படுக்கலன்னு கேட்டாரு. 'பக்கத்துலெல்லாம் தொரமாரு மாதிரி இருந்தாக. தொரமாரு ஒக்காந்திருக்கிற எடத்துல நம்ம எப்புடித் தம்பி படுக்குறது?'ன்னு கேட்டுச்சு டீச்சர். அன்னைக்கு ராவு இவரு சோறு திங்கல."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தச் சோக்குக் கோடு அளவு பார்ப்பதற்கு இல்லை. கதவைத் திறந்துவைத்ததும், டை கட்டிய மனிதரைப் போகவிடாமல் டீ கொடுத்ததும் இதற்காகத்தான். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்றே வயதான எங்கள் தாய்மாருக்கு, பெரிய மனிதர் முன்னால் காலை நீட்டிப் படுக்கலாம் என்று பழக்கிவிடத்தான் அவர் அந்தப் படுக்கையைக் கீறியிருக்கிறார். அவரைத்தான் நான் கிறுக்கு என்று முடிவு கட்டியிருந்தேன். அன்றைக்கு அப்போதுதான் அழுதேன்.

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. முன்கூடத்தில் பெட்டியருகே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால், சுவரோரம் பாய் போட்டுக் கொடுத்திருந்தார்கள், படுத்திருந்தார். அந்நேரம் வாசலில் ஜீப் வந்து நின்றது. முன்பு சொன்ன அதே பெரிய துரை, அம்மா கொழுந்து பறித்த தோட்டத்தின் துரை, மலர் வளையத்தோடு இறங்கினார். கூடத்தில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், நானும் எழும்பினேன். பக்கத்திலிருந்த ஒரு பெண் அம்மாவின் தோளைத் தட்டினாள். "எந்திரிங்க, பெரிய தொர வர்றாரு."

அம்மா எழும்பவில்லை.

"இடுப்பு வலிக்குது தாயி. நான் படுத்திருக்கேன். அவரு பாட்டுக்குப் பாத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, வலப்பக்கமாகத் திரும்பி, காலை மடக்கிக்கொண்டார். துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, வளையத்தை வைத்து, ஒரு நிமிடம் நின்று போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எலிசா அக்கா உள்ளே போய் அந்தப் போர்வையை எடுத்துவந்தார். இத்தனை வருடம் பிரியாத உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து, உதறி, அம்மாவின் மேல் போர்த்திவிட்டார். அண்ணனைக் கல்லறைக்குக் கொண்டுபோகும்வரை அம்மா அதற்குள் நன்றாகத் தூங்கினார்.

அதை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். சவரி அண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது இரண்டு. ஒன்று, அம்மா வலப்பக்கம் திரும்பிப் படுப்பார் என்பது. மற்றது, என் அலுமாரியில் இருக்கும் இந்தச் சாம்பல் நிறப் போர்வை. நான் அதைத் துவைக்கவில்லை, மடிக்கவும் இல்லை. அண்ணே, நல்லாவே கசங்கியிருக்கு.