குறுந்தகட்டில் இல்லாத தாமிரபரணி

தொண்ணூறுகளில் நான் எம்.ஃபில். படித்தபோது, ஏற்கெனவே வந்த கட்டுரைகளைத் தேடிக் காட்டினால்தான் ஆய்வுத் தலைப்புக்கு ஒப்புதல். திருநெல்வேலியில் எங்கள் நூலகத்தில் குறுந்தகடு போட்டுத் தேடும் கணினி ஒன்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவோம். தாமிரபரணி மணலைப் பற்றிய என் நீண்ட தலைப்பை, ஆங்கிலத்தில், ஒரு சொல் விடாமல் பயபக்தியோடு அடித்தேன். ஒரு கட்டுரையும் இல்லை என்றது திரை. அப்படியானால், உலகத்தில் யாருமே தொடாத விஷயம்!

அடுத்துக் காத்திருந்த நண்பனிடம் பீற்றிக்கொண்டேன்.

“தலைப்பு முழுசையுமா அடிச்சே? அது என்னலே, கல்யாணப் பத்திரிகையா? தள்ளு, ‘ரிவர் சேண்ட்’னு மட்டும் அடிச்சுக் காட்டுதேன்.”

கட்டுரைகள் பக்கம் பக்கமாக இறங்கின. ஒப்புதலும் கிடைத்தது. ஆனாலும், உலகின் முதல் மணல் ஆராய்ச்சியாளனாக நான் வாழ்ந்த அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.