ஜன்னல் பக்கம் கீழ்ச்சுரம்

என் தங்கையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லோரும் அவள் எந்தப் பள்ளியில் இசை படித்தாள் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அவள் கட்டிலில் படித்தாள். எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு படித்தாள். அந்தக் கட்டிலை விட்டுவிட்டு யாராவது அவள் கதையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஹார்மோனிகா முதலில் எனக்கு வந்ததுதான். கப்பலில் சமையல் வேலை பார்த்த மாமா ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்து, பெரியவளுக்கு இது, சின்னவளுக்குப் பொம்மை என்று பிரித்துக் கொடுத்தார். கடைத்தெருவில் விற்கிற மவுத் ஆர்கன் இல்லை. குரோமாட்டிக் என்கிற வகை. வலது ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அதே துளையில் அரைச் சுரம் ஏறும். பியானோவின் கறுப்புக் கட்டைகள் எல்லாம் அந்தப் பொத்தானுக்குள் ஒளிந்துகொண்டிருப்பதாக மாமா சொன்னார். அன்று சாயங்காலமே பொம்மை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

எங்கள் அறையில் ஒரே கட்டில், ஒரே ஜன்னல். நான் சுவரில் சாய்ந்து வாசிப்பேன். ஜன்னல் எனக்கு இடப்பக்கம். வாத்தியத்தின் கீழ்ச்சுரங்களும் இடப்பக்கம். சுரம் இறங்க இறங்க என் கை ஜன்னலை நோக்கி நகரும். எதிரே உட்கார்ந்திருந்த சின்னவள் இதை இடம், வலம் என்று பார்க்கவில்லை. கீழ்ச்சுரங்கள் ஜன்னல் பக்கத்தில் குடியிருக்கின்றன, மேல்சுரங்கள் கதவுப் பக்கத்தில் என்று மனதில் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து போனதும் ஹார்மோனிகாவை எடுத்து, தன் இடத்தில் உட்கார்ந்தபடியே வாசித்துப் பார்ப்பாள். அவளுக்கு ஜன்னல் வலப்பக்கம். சுரங்கள் ஜன்னலோடு ஒத்துப்போகவில்லை. உடனே வாத்தியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பிடித்தாள், எல்லாம் சரியாகிவிட்டது. பொத்தான் இடது கைக்குப் போனதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்கிற வாத்தியத்தில் தலைகீழை யார் கண்டார்கள், எங்களுக்கும் தெரியவில்லை.

நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். அவள் வாசித்தால் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போலிருக்கும். நான் வாசித்தால், "போதும்டி, கை வலிக்கப் போகுது" என்று அம்மா அக்கறையாகச் சொல்வாள். அந்த அக்கறையின் அர்த்தம் புரியாத அளவுக்கு நான் மண்டு இல்லை.

பள்ளி முடிந்ததும் பொது நீச்சல் குளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கூரை போட்ட வெந்நீர்க் குளம். வருகிறவர்களுக்குத் துணிமணி வைக்கிற பெட்டிச் சாவி கொடுக்க வேண்டும், தண்ணீரில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வடிகால் சல்லடையில் சேர்கிற தலைமுடியை அள்ளிப் போட வேண்டும். காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் சின்னவளும் என்னோடு வருவாள். குளிரில் ஹார்மோனிகா மக்கர் பண்ணும். உள்ளே இருக்கிற மெல்லிய தகடுகள் மூச்சின் ஈரம் பட்டு ஒட்டிக்கொள்ளும். அதனால் அதை அக்குளில் இடுக்கிச் சூடேற்றியபடியேதான் பஸ்ஸில் வருவாள். காய்ச்சல் பார்க்கிறாள் என்று நினைத்து ஒரு அம்மாள் எழுந்து இடம் கூடக் கொடுத்தாள். இவளும் இருமிக்கொண்டே உட்கார்ந்துகொண்டாள்.

குளத்தின் வெதுவெதுப்பில் வாத்தியம் குழைந்து பேசும். கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் இறங்கித் தண்ணீரில் பட்டுச் சுவரெல்லாம் நெளியும். சின்னவள் படியில் உட்கார்ந்து, பாதத்தைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வாசிப்பாள். நாதம் தண்ணீர்மேல் போய் எதிர்ச் சுவரைத் தொட்டு, சாவகாசமாகத் திரும்பி வரும். அதற்குள் அவள் அடுத்த சுரத்துக்குப் போயிருப்பாள். போனதும் வந்ததும் நடுக்குளத்தில் சந்தித்துக்கொள்ளும். நான் சல்லடையும் கையுமாக அப்படியே நின்றுவிடுவேன். கூரை எது, தண்ணீர் எது என்று கொஞ்ச நேரம் பிடிபடாது. நான் நிற்கிறேனா மிதக்கிறேனா என்பதும் தெரியாது. பிறகு யாராவது வெளியே கதவைத் தட்டுவார்கள்.

மற்ற ஊதுவாத்தியக்காரர்களுக்கு மூச்சு தீர்ந்துவிடுமோ என்று பயம். இவளுக்கு மூச்சு நிறைந்துவிடுமோ என்று பயம். ஹார்மோனிகாவில் ஊதினாலும் சுரம், இழுத்தாலும் சுரம். சில இடங்களில் இழுக்கிற சுரங்களே வரிசையாக வரும். காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெளியே வர வழியிருக்காது. மூக்கு வழியாகச் சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடப் பழக வேண்டும். அதற்காகவே படியில் இறங்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் மூச்சைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருப்பாள். உலகத்தில் எல்லோரும் வெளியே விடுகிற மூச்சில்தான் பாடுகிறார்கள், என் தங்கை உள்ளே இழுக்கிற மூச்சிலும் பாடுகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

இசைப்பள்ளியில் ஹார்மோனிகாவுக்கு வாத்தியார் கிடையாது. ஓபோ என்கிற குழலைச் சொல்லிக்கொடுக்கிறவர் இவளை நுழைவுத் தேர்வுக்குத் தயார் பண்ணுவதாக ஒப்புக்கொண்டார். முதல் நாள் ஒரு மெதுவான பாட்டை முழுக்கக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"தலைகீழா பிடிச்சிருக்கியேம்மா."

"எனக்கு இதான் சார் நேர்."

"எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நுழைவுத் தேர்வுல உக்காந்திருக்கிறவங்க பாடநூல்ல இருக்கிற படத்தைப் பார்ப்பாங்க. புல்லாங்குழலை அவங்கவங்க இஷ்டத்துக்குப் பிடிச்சா சேர்த்துக்குவோமான்னு கேட்பாங்க. திருப்பிப் பிடிக்கப் பழகிடு."

அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இந்தத் தேர்வை விட்டால் அவளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, மேடையும் இல்லை. என் பக்கத்திலேயே நின்று சாவி கொடுக்க வேண்டியதுதான். சாவி கொடுப்பது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் அதற்காகப் பிறந்தவள் இல்லை அவள்.

திருப்பிப் பிடித்தாள். அன்றிலிருந்து வீடே தலைகீழாகிவிட்டது. ஏறப் போனால் இறங்கும், இறங்கப் போனால் ஏறும். இழுக்க வேண்டிய இடத்தில் ஊதிவிட்டு விழிப்பாள். அது வாத்தியத்தோடு நிற்கவில்லை. மாடிக்குப் போகிறேன் என்று கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். சட்டைப் பொத்தானைப் போடுகிறேன் என்று கழற்றினாள். தூக்கத்தில் அவள் விரல் என் முழங்கையில் ஏறும், இறங்கும், வழி தெரியாமல் நின்றுவிடும். ஒரு நாள் கனவில் குளம் கூரையில் இருந்ததாம். எல்லோரும் மேல்நோக்கிக் குதித்தார்களாம். நான் மட்டும் கீழே நின்று, "உன் பெட்டிச் சாவி எங்கடி?" என்று கேட்டேனாம். எழுந்ததும் அதைச் சொல்லி அழுதாள். கனவிலும் எனக்குச் சாவி வேலைதானா என்று எனக்கு எரிச்சல். அழுகிறவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

ஒரு குளிர்நாளில் சுவரில் சாய்ந்து உட்கார எனக்கு முதுகு சில்லிட்டது. "எழுந்திரு. நீ இந்தப் பக்கம் வா, நான் அங்க உக்காந்துக்கிறேன்" என்று அவளை விரட்டினேன். இடம் மாறி உட்கார்ந்தோம். இப்போது அவளுக்கு ஜன்னல் இடப்பக்கம். வாத்தியத்தைப் பாடநூலில் உள்ளபடியே எடுத்தாள். கீழ்ச்சுரம் தானாக ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பாட்டைத் தடுமாறாமல் முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இத்தனை மாதம் இந்த யோசனை வராத எங்கள் இரண்டு பேரையும் எதில் சேர்ப்பது?

ஆனால் தேர்வு அறைக்கு ஜன்னலைக் கழற்றிக் கொண்டுபோக முடியாதே. அதனால் நானே ஜன்னலானேன். தேர்வுக்கென்று அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தோம். மாமா கொடுத்த பழைய வாத்தியத்தை நான் எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, எதிரே உட்கார்ந்து அவளுக்குக் கண்ணாடிபோல வாசித்தேன். என் கை எந்தப் பக்கம் போகிறதோ, அதைப் பார்த்து அவள் போவாள். நாளாக ஆக வாத்தியம் கூட வேண்டியிருக்கவில்லை. வெறும் கையை வாயருகே பொத்திக்கொண்டு நகர்த்தினால் போதும். தேர்வன்று, இசைக்குறிப்புத் தாள் திருப்புவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று ஓபோ சார் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார். எனக்கு அந்தத் தாளில் ஒரு புள்ளி கூடப் படிக்கத் தெரியாது. எதிரே உட்கார்ந்து கையைப் பொத்திக்கொண்டேன். அக்காவுக்குக் குளிர்போல என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அவள் வாசித்த இடத்திலெல்லாம் எதிரே ஒரு நாற்காலி. அதில் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான். அந்த முதுகு மௌனத்தின் குறியீடு என்று ஒருவர் பத்திரிகையில் எழுதினார். குளத்தில் லீவு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததை யாரும் எழுதவில்லை. எனக்கு வர வேண்டிய மேற்பார்வை வேலை வேறொருத்திக்குப் போனது. "உன் தங்கச்சிக்குக் கண்ணு இல்லையா, நீ எதுக்குக் கூடவே போறே?" என்று அம்மா கேட்டாள். அவள் கைக்கு நான்தான் கண் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே கொஞ்சம் அதிகமாகத் தோன்றியதால் சொல்லவில்லை.

பிறகு பெரிய அரங்கில், முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கக் கூப்பிட்டார்கள். குழுவை நடத்துகிறவர் கையில் சின்னக் கோல் வைத்திருப்பார். நான் அவரைக் கோல்காரர் என்றே சொல்வேன். ஒத்திகையில் நாற்காலியைப் பார்த்தார்.

"இது வேணாம். தனியா வாசிக்கிறவங்க நின்னு, சபையைப் பார்த்து வாசிக்கணும். முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

முடியும் என்று அவள் சொன்னாள். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு முன்வரிசை டிக்கெட்டைக் கொடுத்து, "நடுவுல உக்காருக்கா, நான் தேடாம இருக்கணும்" என்றாள்.

அன்று அரங்கத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் கை மடியில் நிற்கவில்லை. அவள் தடுமாறினால் இது தானாக எழும், அவளும் பார்த்துவிடுவாள், பிறகு காலத்துக்கும் நான் எங்காவது எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. இவளைவிட எனக்குத்தான் அது பழகிவிட்டதோ என்றும் பயமாக இருந்தது. எழுந்து போய், ஓரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்த பெரியவரிடம் டிக்கெட்டை மாற்றிக்கொண்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் அவர் சுறுசுறுப்பாகத்தான் முன்னால் போனார்.

தூணும் இரண்டு வயலின்காரர்களின் முழங்கையும்தான் தெரிந்தன. வயலின்கள் அடங்கின. அவள் ஆரம்பித்தாள். அவள் கையைப் பார்க்காமல் அவள் வாசிப்பை நான் கேட்டதே இல்லை. எந்தப் பக்கம் போகிறாள் என்று தெரியவில்லை; நாதத்துக்கு இடமும் வலமும் இல்லை. அது எல்லாப் பக்கத்திலிருந்தும் மெதுவாக ஏறி என் கழுத்தளவுக்கு நின்றது. இழுக்கிற சுரங்கள் மட்டுமே வருகிற அந்த நீளமான இடம் வந்தது. நானும் கூடவே மூச்சை இழுத்துக்கொண்டே போனேன். நெஞ்சு நிறைந்து, இதற்குமேல் முடியாது என்று நான் விட்டுவிட்டேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் கூடத் தடுமாறவில்லை. நான் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பின்பக்க அறையில் அவளைச் சுற்றி ஒரே கூட்டம். என்னைக் கண்டதும் விலக்கிக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். சட்டை முழுக்க வியர்வை.

"நீ எங்கக்கா உக்காந்திருந்தே?"

"தூணுக்குப் பின்னாடி. டிக்கெட்டை மாத்திக்கிட்டேன்."

"ஏன்?"

"நான் முன்னாடி இருந்தா நீ என் கையைத் தேடுவேன்னு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"நான் தேடவே இல்லக்கா. நீ வந்திருக்கிறதே எனக்கு நினைவுல இல்ல."

"அதான்டி வேணும்" என்றேன். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போனாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். காலையில் குளத்தைத் திறக்க வேண்டும். இனி யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. நல்ல செய்திதான் என்று பஸ் வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.